இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

மாடித்தோட்டம் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது நீங்கள் இருந்தால் இந்தக் கேள்வி கண்ணில் பட்டிருக்கும்: "மிளகாய்ச் செடி இலை சுருளுது. என்ன அடிக்கலாம்?" கூடவே மாலை வெளிச்சத்தில் எடுத்த, கொஞ்சம் மங்கலான ஒரு படம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியை இன்று நாம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். முகம் தெரியாதவர்களிடம் உதவி கேட்பதில் உள்ள நல்லது கெட்டது எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. செடி வளர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, புறா வளர்ப்பவர், மீன் தொட்டி வைத்திருப்பவர், கேமராவும் கையுமாக அலைபவர் என எல்லாருக்கும் இது பொருந்தும்.

கேள்வி வந்த கொஞ்ச நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கும். ஒருவர் "வேப்பெண்ணெய் அடிங்க" என்பார். இன்னொருவர் "நனையும் கந்தகம் அடிச்சா சரியாயிடும்" என்பார். மூன்றாமவர் "செடியைப் பிடுங்கிப் போட்டுடுங்க" என்று முடித்துவிடுவார். கேட்டவருக்குத் தலை சுற்றும். ஆளுக்கொன்று சொல்கிறார்களே, இவர்களுக்கு உண்மையில் விவரம் தெரியுமா என்று சந்தேகம்கூட வரும். மூவருக்கும் விவரம் தெரியும். மூவர் சொன்னதும் சரிதான். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு செடியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

எப்படி என்று பார்ப்போம். மிளகாய் இலை சுருள முக்கியமான காரணங்கள் மூன்று. முதலாவது இலைப்பேன். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சின்னஞ்சிறு பூச்சி. இது சாற்றை உறிஞ்சினால் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். இரண்டாவது நுண்சிலந்தி. தோட்டக்காரர்கள் மைட்ஸ் என்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இது தாக்கினால் இலை கீழ்நோக்கிச் சுருளும், இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டுபோகும். மூன்றாவது வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து வருவது. இதில் செடி முழுவதும் குட்டையாகி, புது இலைகள் சிறுத்து, கொத்தாகச் சுருண்டு நிற்கும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் உதவும். நுண்சிலந்திக்குக் கந்தகம் உதவும். வைரஸுக்கு மருந்தே இல்லை. மற்ற செடிகளைக் காப்பாற்ற அந்தச் செடியை எடுத்துவிடுவதுதான் வழி.

ஆக, அந்த மூன்று பதில்களில் எது நமக்கானது என்பதைத் தீர்மானிக்கும் செய்தி ஒன்றே ஒன்று: இலை எந்தப் பக்கம் சுருள்கிறது? அது கேட்டவரின் கண் முன்னால் இருந்தது. கேள்வியில் மட்டும் இல்லை.

"சரி, எதற்கும் இருக்கட்டும், இரண்டையும் அடித்துப் பார்க்கலாம்" என்று ஒருவர் நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து. கந்தகமும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டையும் கலந்தோ அடுத்தடுத்த நாட்களிலோ அடித்தால் இலை கருகிவிடும். ஒன்று அடித்தபின் இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும் என்பார்கள். கடும் வெயில் காலத்தில் கந்தகம் தனியாகவே இலையைச் சுடக்கூடியது. இரண்டு நல்ல மனிதர்கள் சொன்ன இரண்டு சரியான பதில்களைக் கேட்டு, நாம் ஒரு செடியைக் கொன்றுவிட முடியும்.

இப்போது, ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். "அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நாம சுருக்கமா கேப்போம். அதுதான் மரியாதை" என்று நாம் நினைக்கிறோம். நல்ல மனதோடுதான் நினைக்கிறோம். ஒரு வரிக் கேள்வியைப் படிக்க ஐந்து நொடி போதும், பத்து வரிக் கேள்வியைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். ஆகவே குட்டிக் கேள்வி கேட்பதால் பதில் சொல்பவரின் நேரம் மிச்சமாகிறது என்பது நம் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு பாதி விட்டுப்போகிறது. பதில் சொல்பவரின் நேரம் படிப்பதில் போவதில்லை, ஊகிப்பதில் போகிறது. எந்த ஊர், எந்த ரகம், எத்தனை நாள் செடி, தொட்டியா தரையா, ஏற்கெனவே என்ன அடித்தார் என்று ஒவ்வொன்றையும் அவர் கேட்டு வாங்க வேண்டும். விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டர் 2004 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. அங்கே தொலைபேசியில் கூப்பிட்டால் எதிர்முனையில் இருப்பவர் உடனுக்குடன் திருப்பிக் கேட்பார், நாமும் உடனே சொல்லிவிடுவோம். குழுவில் அப்படி இல்லை. அவர் காலையில் கேட்பார். நாம் வேலை முடிந்து இரவில் பார்ப்போம். நம் பதிலை அவர் மறுநாள் பார்ப்பார். அதற்குள் நூறு செய்திகள் மேலே ஏறியிருக்கும். நான்கு முறை கேட்டு வாங்குவதற்குள் ஒரு வாரம் போய்விடும். இலைப்பேனுக்கு ஒரு வாரம் என்பது குடும்பம் பெருக்கப் போதுமான காலம்.

தையற்காரரிடம் துணி கொடுக்கும்போது அளவு ரவிக்கையையும் சேர்த்துக் கொடுக்கிறோம், இல்லையா? "அவருக்கு எதுக்குச் சுமை, துணியை மட்டும் கொடுப்போம்" என்று யாரும் நினைப்பதில்லை. அளவு கையில் இருந்தால்தான் அவர் கத்திரியை எடுக்க முடியும். கேள்வியில் நாம் தரும் விவரங்கள்தான் அந்த அளவு ரவிக்கை. அது இல்லாமல் யார் தைத்தாலும், எவ்வளவு கைதேர்ந்தவர் தைத்தாலும், உத்தேசமாகத்தான் தைக்க முடியும்.

அப்படியானால் எதையெல்லாம் சொல்ல வேண்டும்? ஒரு முறை பழகிவிட்டால் சுலபம். நான்கு செய்திகள் போதும். நாம் என்ன பார்த்தோம், செடி எந்தச் சூழலில் வளர்கிறது, இதுவரை என்ன செய்தோம், கடைசியில் நமக்கு என்ன வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவதில் ஒரு கவனம் தேவை. பார்த்ததைச் சொல்ல வேண்டும், முடிவுகட்டியதைச் சொல்லக் கூடாது. "என் செடிக்கு வைரஸ் வந்திருச்சு" என்பது நம் முடிவு. "நுனி இலை மேல்பக்கமா சுருளுது, அடி இலை நல்லா இருக்கு" என்பது நாம் பார்த்தது. முதலாவதைச் சொன்னால் உதவ வருபவர் நம் முடிவை நம்பி, "வைரஸா, பிடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வெறும் இலைப்பேனுக்காக ஒரு நல்ல செடி குப்பைக்குப் போகும். நம் சந்தேகத்தைச் சொல்லவே கூடாது என்பதில்லை. முதலில் பார்த்ததைச் சொல்லிவிட்டு, "வைரஸோ என்று பயமாக இருக்கிறது" என்று பின்னால் சேர்த்தால் போதும். எது கண்டது, எது நினைத்தது என்று படிப்பவருக்குப் பிரிந்து தெரிய வேண்டும்.

சூழலும் செய்ததும் சொல்வது எளிது. பை எத்தனை அங்குலம், மண் கலவையில் தென்னை நார்க்கழிவு இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வெயில், எப்போது தண்ணீர், என்ன மருந்து, எந்த அளவில், எப்போது அடித்தோம். இதில் நாம் செய்தது பெரிதாகக் காட்டிக்கொள்ளும்படி இல்லாவிட்டாலும் மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பெயர் தெரியாத ஒரு தூளைப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். கந்தகமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதானே பார்த்தோம்? அடுத்த மருந்தைச் சொல்பவருக்கு முந்தைய மருந்து தெரிந்தாக வேண்டும்.

நான்காவது, நமக்கு என்ன வேண்டும் என்பது. இதில்தான் மிகவும் தேர்ந்தவர்கள்கூட இடறுகிறார்கள். "ஒரு பைக்கு யூரியா எவ்வளவு போடலாம்?" என்று ஒருவர் கேட்கிறார். நேரான கேள்விதான், நேரான பதிலும் கிடைக்கும். ஆனால் அவர் ஏன் யூரியாவைப் பற்றிக் கேட்கிறார்? இலை மஞ்சளாகிறது, சத்துக் குறைவு என்று அவரே முடிவு செய்துவிட்டார். அடி இலை முதலில் பழுத்திருந்தால் அவர் நினைத்தது சரியாக இருக்கலாம். தழைச்சத்து குறைந்தால் அப்படித்தான் ஆகும். நுனி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. செடி மொத்தமும் சோர்ந்து மஞ்சளானால் பையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறதோ என்று பார்க்க வேண்டும். நார்க்கழிவு கலந்த மண் மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரமாகவே இருக்கும். அழுகும் வேருக்கு யூரியா போட்டால் கதை முடிந்தது. ஆகவே நாம் தேர்ந்தெடுத்த வழியை மட்டும் கேட்காமல், போக வேண்டிய ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: "இலை மஞ்சளாகிறது, செடி பச்சை பிடிக்க வேண்டும், யூரியா போடலாமா என்று யோசிக்கிறேன்."

இவையெல்லாம் இன்று நேற்று கண்டுபிடித்தவை அல்ல. எரிக் ரேமண்ட் என்ற கணினி நிரலர், ரிக் மோயனோடு சேர்ந்து, 2001-இல் கேள்வி கேட்கும் முறை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கணினியில் சிக்கல் வந்தவர்களுக்காக எழுதியது. அறிகுறியைச் சொல், ஊகத்தைச் சொல்லாதே. நோக்கத்தைச் சொல், ஒரு படியை மட்டும் சொல்லாதே என்பவை அதன் முக்கியமான அறிவுரைகள். நிரலுக்குச் சொன்னது மிளகாய்ச் செடிக்கும் அப்படியே பொருந்துகிறது. எங்கே அறிந்தவர் ஒருவர் இலவசமாக நேரம் கொடுக்கிறாரோ அங்கெல்லாம் தேவை ஒன்றுதான்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செடி முழுவதும் தெரியும்படி ஒன்று, நோய் கண்ட இலை நெருக்கத்தில் ஒன்று, அதே இலையின் அடிப்பக்கம் ஒன்று. பூச்சிகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். காலை வெளிச்சத்தில் எடுத்தால் நிறம் சரியாக விழும். இலைப்பேன் சந்தேகம் இருந்தால் செடியின் நுனியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ஓடுகிற சிறு புள்ளிகள் தெரிந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அடுத்து மொழி. நிறையப் பேர் கேட்காமலே இருந்துவிடுவது இதனால்தான். ஆங்கிலப் பெயர் தெரியவில்லையே, பிழையில்லாமல் எழுத வராதே, படித்தவர்கள் இருக்கும் குழுவில் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். செந்தமிழும் தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை. நம் ஊரைத் தாண்டி இருக்கும் ஒருவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஒற்றுப் பிழையை யாரும் பார்க்கப் போவதில்லை. செடியைத்தான் பார்ப்பார்கள்.

ஊரைத் தாண்டிப் புரிய வேண்டும் என்றால் சில இடங்களில் ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். "பூசணி" என்றால் சில மாவட்டங்களில் மஞ்சள் நிறக் காய். வேறு இடங்களில் அதே சொல் சாம்பல் பூத்த வெள்ளைக் காயைக் குறிக்கும், மஞ்சள் காய்க்கு அங்கே பரங்கி என்று பெயர். குழுவில் நாகர்கோவில்காரரும் இருப்பார், சென்னைக்காரரும் இருப்பார், யாழ்ப்பாணத்துக்காரரும் இருப்பார். உங்கள் ஊர்ப் பெயரையே சொல்லுங்கள், கூடவே "மஞ்சள் பூசணி" என்று ஒரு அடையாளம் வையுங்கள். அளவுக்கும் இது பொருந்தும். "ஒரு மூடி மருந்து" என்றால் எந்த பாட்டிலின் மூடி? லிட்டருக்கு இத்தனை மில்லி என்று சொன்னால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே அளவு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். "இலை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றுபோல் வந்து விழுந்தால், "பூச்சி இலையில் இருக்கிறது" என்கிறாரா, "பூச்சி இல்லை" என்கிறாரா என்று படிப்பவர் திகைப்பார். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு போடலாம், அதில் தவறே இல்லை. முக்கிய விவரங்களை மட்டும் இரண்டு வரியில் எழுதியும் வைத்தால், பேருந்தில் வரும்போது படிப்பவருக்கும், ஆறு மாதம் கழித்துத் தேடுபவருக்கும் உதவும்.

மரியாதைச் சொற்களுக்கு இடமே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்குவது நல்லது. பதில் சொல்பவர் ஆணா பெண்ணா, வயதென்ன என்று தெரியாதபோது "சார்" என்பதைவிட "நீங்கள்" போதுமானது, யாரையும் புண்படுத்தாது. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நாகரிகக் குறிப்புகளில், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதுபோல் இருக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நாம் கத்துவது வேறு விதமாக: "அவசரம்!!!", வரிசையாகக் கேள்விக்குறிகள், பத்து நிமிடத்தில் "யாருக்குமே தெரியாதா?" என்ற இரண்டாவது செய்தி. பதில் சொல்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை. சமையலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் எட்டிப் பார்க்கிறார். ஒரு நாளாவது பொறுத்திருந்து, பிறகு மென்மையாக ஒரு முறை நினைவூட்டலாம். கேட்காமல் அவருடைய தனி எண்ணுக்குப் போவதைத் தவிர்க்கலாம். பொதுவில் கேட்டால் இன்னும் நான்கு பேர் அந்தப் பதிலைத் திருத்தவும் முடியும், கற்றுக்கொள்ளவும் முடியும்.

அதே 1995 குறிப்புகள் இன்னொன்றும் சொல்கின்றன: ஒரு குழுவில் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் படித்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்குங்கள் என்று. வாடும் செடியை வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதுதான். ஆனால் கேட்பதற்கு முன் குழுவின் தேடல் பெட்டியில் "மிளகாய் சுருள்" என்று தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பழைய பதில்கள் கிடைத்தால், "முன்பு இப்படிச் சொல்லியிருந்தீர்கள், என் செடியில் இது மட்டும் வேறாக இருக்கிறது" என்று அங்கிருந்து தொடங்கலாம். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் பதில் சொல்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது நம் கேள்வியைத் திரும்ப எழுதிப் பார்க்கலாம். "வணக்கம் நண்பர்களே. மதுரையிலிருந்து எழுதுகிறேன். மாடியில் 12 அங்குலப் பையில் மிளகாய், நட்டு இரண்டு மாதம். பத்து நாளாக நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருள்கின்றன, அடி இலைகள் நன்றாக உள்ளன. வெள்ளைத் தாளில் தட்டியபோது சிறு பூச்சிகள் ஓடின. தண்ணீர் காலையில் மட்டும். போன ஞாயிறு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, ஒரு முறை அடித்தேன். பெரிய மாற்றம் இல்லை. சமையலுக்கு என்பதால் ரசாயன மருந்து வேண்டாம் என்று பார்க்கிறேன். அடுத்து என்ன செய்யலாம்?" எழுத மூன்று நிமிடம் ஆகும். இதற்கு மூன்று விதமான பதில் வர வழியில்லை. "இலைப்பேன்தான். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிங்க. ஒரு தடவை பத்தாது, வாரம் ஒரு முறை தொடருங்க. நீல ஒட்டும் அட்டை ஒண்ணு கட்டி வையுங்க" என்று தெரிந்தவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள்.

பதில் சொல்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குட்டிக் கேள்வி கேட்டவரைக் கேலி செய்தால் அவர் விவரமாகக் கேட்கக் கற்றுக்கொள்ள மாட்டார், கேட்பதையே நிறுத்திவிடுவார். "இலை மேல்பக்கம் சுருளுதா, கீழ்ப்பக்கமா? அடிப்பக்கம் ஒரு படம் போடுங்க" என்று கேட்டாலே போதும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே அவருக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

கடைசியாக, கேட்பவர்களில் பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒரு கடமை. பதில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். மூன்று வாரம் கழித்துச் செடி பிழைத்ததா இல்லையா என்று யாரும் வந்து சொல்வதில்லை. சொன்னவருக்குத் தன் யோசனை பலித்ததா என்று தெரியாமலே போகிறது. பலிக்கவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும், அதுவும் அறிவுதான். "மூன்று முறை அடித்தேன், புது இலைகள் நேராக வருகின்றன" என்று பழைய கேள்விக்குக் கீழேயே ஒரு வரியும் ஒரு படமும் போட்டுவிடுங்கள். அடுத்த கோடையில் வேறொருவர் தேடல் பெட்டியில் தட்டும்போது முழுக் கதையும் அவருக்குக் கிடைக்கும். அவர் கேட்காமலே அவருக்கு நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள்.